சொன்னா கேக்க மாட்டேங்குது: நாய்ப் பயிற்சியில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

நாய் வளர்ப்பவர்கள் போன் போட்டுச் சொல்லும் குறை முக்கால்வாசி இந்த ஒரே வரிதான்: "சொன்னா கேக்க மாட்டேங்குது." இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கட்டளை, எந்த இடத்தில், யார் சொல்லும்போது, கேட்காத நேரத்தில் அது என்ன செய்கிறது என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் கோளாறு பிடிபடும். கீழே உங்கள் நாய்க்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், டாக்டரோ ட்ரெயினரோ தேவைப்படும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். கடைசியில் இருப்பதற்கு முதலில் பணம் கட்டியவர்கள் ஏராளம்.

முதலில் ஒரு சோதனை

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போங்கள். சாப்பாட்டுக்கு முன், வீடு அமைதியாக இருக்கும் நேரம். டிவி வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக்கூட அசைக்காமல், ஒரே ஒரு தடவை "சிட்" என்று சொல்லுங்கள். சற்று இடைவெளி விட்டு, இடம் மாறி மாறி, பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

பத்துக்கு எட்டு உட்கார்ந்தால் நாய்க்கு அந்தச் சொல் தெரியும். கோளாறு வேறெங்கோ இருக்கிறது, கீழே தேடலாம்.

உட்காராமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் இன்னொரு சோதனை. வழக்கமாகக் கையை எப்படித் தூக்குவீர்களோ அப்படியே தூக்கி, "வாழைக்காய்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான நாய்கள் பொத்தென்று உட்காரும். அது இத்தனை நாள் பார்த்தது உங்கள் கையை. வாயிலிருந்து வந்ததைச் சட்டை செய்யவே இல்லை. இது நாயின் குறை இல்லை, கை அசைவு அதற்குச் சொல்லைவிட எளிது. சொல்லையும் கற்றுக்கொள்ள வேண்டுமானால் முறை இதுதான்: முதலில் சொல், ஒரு நொடி இடைவெளி, பிறகு கை. சொல்லும் கையும் சேர்ந்தே வந்தால் சொல் ஏறாது. ஒரு வாரம் பத்து நாளில், கை எழும்பும் முன்பே அதன் பின்பக்கம் தாழத் தொடங்கும்.

நாலு தடவை சொன்னால்தான் உட்காரும்

நீங்கள் நாலு தடவை சொல்லிப் பழக்கியிருக்கிறீர்கள். "சிட், சிட், சிட்டுன்னு சொன்னேன்ல, சிட்" என்பது முழுவதும்தான் அதற்குக் கட்டளை. ஒருமுறை சொல்லுங்கள், மனதுக்குள் நாலு எண்ணுங்கள், வாயைத் திறக்காதீர்கள். இந்த நாலு நொடி மௌனம் வீட்டில் யாருக்கும் முடியாது என்பதுதான் பாதிப் பிரச்சினை. உட்காரவில்லையா? பேசாமல் இரண்டு அடி நகர்ந்து போய், நாய் பின்னால் வந்ததும் மறுபடி ஒருமுறை. முதல் சொல்லுக்கு உட்கார்ந்தால் தீனி. மூன்றாவதற்கு உட்கார்ந்தால் தட்டிக்கொடுங்கள், தீனி கிடையாது.

அடுத்து, வீட்டில் ஆளுக்கொரு சொல். தாத்தா "ஒக்காரு" என்பார், பையன் "சிட்" என்பான், அம்மா "சிட் டவுன்" என்பார். இதே வீட்டில் படுப்பதற்கு "டவுன்" என்று பழக்கியிருப்பார்கள். "சிட் டவுன்" கேட்ட நாய் உட்காருவதா படுப்பதா என்று தெரியாமல் பாதி குனிந்து நிற்கும். ஒரு காகிதத்தில் கட்டளைகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கும் சொல்லிவையுங்கள். தமிழில் பழக்கினாலும் சரிதான், ஆனால் "வா", "உட்காரு", "இரு" எல்லாம் வீட்டில் மனிதர்களுக்கு நாள் முழுக்கச் சொல்லும் சொற்கள். நாய் காதில் அவை சும்மா வந்து விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுப் பேச்சில் புழங்காத சொல் எதுவானாலும் போதும்.

மூன்றாவதாக, தரை. இதை யாரும் யோசிப்பதில்லை. டைல்ஸிலும் கிரானைட்டிலும் கனமான நாய் உட்காரப் போனால் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். நகம் தரையைப் பிறாண்டும் சத்தம் கேட்கும், நாய் பாதியில் எழுந்துவிடும். நமக்கு அது அடம் பிடிப்பதுபோலத் தெரியும். மிதியடியோ கோணிச் சாக்கோ போட்டு அதன் மேல் சொல்லிப் பாருங்கள். அங்கே உடனே உட்கார்ந்தால் கோளாறு தரையில். நகத்தை வெட்டி, பாதப் பஞ்சுகளுக்கு இடையே வளர்ந்த முடியையும் ஒட்ட நறுக்கிவிட்டு, பயிற்சியைச் சாக்கின் மேலேயே நடத்துங்கள்.

சாக்கின் மேலும் தயங்குகிறதா? அப்படியானால் வலி இருக்கலாம். ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு ஒருச்சாய்த்து உட்காருவது, எழும்போது முன்னங்காலால் உடம்பை இழுப்பது, படியேறும்போது பின்னங்கால் இரண்டையும் முயல்போலச் சேர்த்துத் தாவுவது ஆகியவை இடுப்பு மூட்டுக் கோளாற்றின் அறிகுறிகள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற பெரிய ரகங்களில் இது அதிகம், ஒரு வயது ஆகாத நாய்க்கும் வரும். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் ஆசனவாய் அருகே உள்ள சுரப்பிப் பைகள் அடைத்திருக்கலாம். இரண்டுமே டாக்டர் பார்க்க வேண்டியவை. மூட்டுக்கு எக்ஸ்ரே தேவைப்படும். அதுவரை "சிட்" பயிற்சியை நிறுத்திவையுங்கள். வலிக்கிற இடத்தில் அழுத்தி உட்கார வைத்தால் கடிதான் கிடைக்கும், அந்தக் கடியில் நியாயமும் இருக்கும்.

வீட்டில் கேட்கும், தெருவில் கேட்காது

அடிக்கடி வரும் புகார் இதுதான். "வீட்ல எல்லாம் பண்ணுது சார், வெளிய வந்தா திமிரு" என்பார்கள். திமிர் இல்லை. ஹாலில் உட்காரக் கற்ற நாய்க்கு ஹாலில் உட்காரத்தான் தெரியும். மொட்டை மாடி வேறு, கேட்டுக்கு வெளியே வேறு, டீக்கடை வாசல் வேறு. ஒவ்வொரு இடத்திலும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஹாலில் ஒரு வாரம் ஆனது மொட்டை மாடியில் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஹால், மொட்டை மாடி, கேட்டுக்கு உள்ளே, விடியற்காலை ஆளில்லாத தெரு, பிறகு ஆள் நடமாட்டம். ஒரு படியில் பத்துக்கு எட்டு வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். குட்டியாக இருந்தால் டாக்டர் சொன்ன தடுப்பூசிகள் முடியாமல் தெருவில் இறக்கவே வேண்டாம். பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் வந்தால் பயிற்சி என்ன, குட்டியே மிஞ்சாமல் போகலாம்.

தெருவில் நின்றபடி ஒரு சோதனை: அதற்கு மிகவும் பிடித்த தீனியை, வேகவைத்த கோழித் துண்டு என்று வைத்துக்கொள்வோம், மூக்கருகே நீட்டுங்கள்.

வாங்கித் தின்கிறது என்றால் பயிற்சி நடத்தலாம். சொல்லை ஒருமுறை சொல்லி, பழையபடி கையால் உதவி, தொடங்குங்கள்.

முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் அங்கே எந்தக் கட்டளையும் ஏறாது. எதிர்வீட்டு நாயோ மாடோ அதன் முழுக் கவனத்தையும் பிடித்திருக்கிறது. தீனி வாங்கும் தூரம்வரை பின்வாங்குங்கள். அது இருபது அடியாக இருக்கலாம், அடுத்த தெருவாகவும் இருக்கலாம். அந்தத் தூரத்திலிருந்துதான் உங்கள் பாடம் ஆரம்பம்.

வாலை அடிவயிற்றில் சொருகிக்கொண்டு, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி நக்கி நின்றால் அது பயம். பயந்த நாயைத் தெருவுக்கு இழுத்து இழுத்துப் பழக்கினால் பயம் போகாது, உங்கள் மேல் இருந்த நம்பிக்கைதான் போகும். இரண்டு மூன்று வாரம் தூரம் வைத்துப் பழக்கியும் தேறவில்லை என்றால் ட்ரெயினரைக் கூப்பிடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு காரணமும் உண்டு: சூடு. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு கொதிக்கும். உங்கள் புறங்கையை ரோட்டில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அந்தப் பாதத்தால் மட்டும் எப்படி முடியும்? அங்கே பின்பக்கத்தை வைத்து உட்காரச் சொன்னால் எந்த நாயும் கேட்காது.

தீனி கையில் இருந்தால்தான் கேட்கும்

இதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். தீனியை முதலில் காட்டிவிட்டுப் பிறகு கட்டளை சொல்கிறீர்கள். அது லஞ்சம். கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். தீனி பையிலோ அலமாரி மேலோ இருக்கட்டும். கட்டளை, செயல், "குட்" என்ற ஒரு சொல், அதன் பிறகு கை பைக்குள் போகட்டும். அந்த "குட்" பின்பக்கம் தரையைத் தொட்ட நொடியிலேயே வர வேண்டும். தீனி வர இரண்டு நொடி தாமதமானாலும் பரவாயில்லை. நன்றாகப் பழகிய கட்டளைக்குத் தீனியை ஒருமுறை விட்டு ஒருமுறை, பிறகு எப்போதாவது என்று குறையுங்கள். கேட்டைத் திறப்பது, பந்தை எறிவது, வாக்கிங் கிளம்புவது ஆகியவையும் கூலிதான்.

துண்டு பட்டாணி அளவு போதும். உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் பனீர். அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், வேகவைத்த எலும்பு ஆகியவற்றைத் தரவே கூடாது. டீக்கு வைத்திருக்கும் பிஸ்கட்டை நாள் தவறாமல் போடுவதும் நல்லதில்லை.

நல்ல தீனியையே வீட்டிலும் வாங்க மறுத்தால்? தட்டில் நாள் முழுக்கச் சாப்பாடு கிடக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு வேளை வைத்துப் போடுங்கள். பசி இருந்தும் வாங்கவில்லை என்றால் அது பயிற்சிக் கோளாறு இல்லை, டாக்டர் சமாச்சாரம்.

கூப்பிட்டால் வராது

எல்லாக் கட்டளைகளிலும் உயிரைக் காப்பது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "வராது" என்பதிலேயே மூன்று விதம் உண்டு. உங்களுடையது எது என்று பாருங்கள்.

பக்கத்தில் வரும், பிடிக்கப் போனால் நழுவும்

ஒரு ஆள் தூரத்தில் நின்று, முன்னங்காலைத் தாழ்த்தி, வாலை ஆட்டி, நீங்கள் கை நீட்டியதும் துள்ளி ஓடும். கழுத்துப் பட்டையைப் பிடித்தால் விளையாட்டு முடிந்தது, செயின் மாட்டப் போகிறார்கள் என்று அதற்கு நன்றாகத் தெரியும். சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. வீட்டுக்குள்ளேயே நாளைக்குச் சில முறை கூப்பிடுங்கள். ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் தீனி கொடுங்கள், உடனே விட்டுவிடுங்கள். "பிடித்தால் தீனி, பிடித்தால் விடுதலை" என்று பதிய வேண்டும். வெளியே விளையாட விடும்போதும் நடுநடுவே கூப்பிட்டு, பிடித்து, கொடுத்து, விடுங்கள். கிளம்பும் நேரத்தில் மட்டும் கூப்பிடுகிறவரிடம் எந்த நாயும் வராது.

திரும்பிப் பார்க்கும், வராது

சொல் கெட்டுப்போயிற்று. கடந்த ஒரு வாரத்தில் கூப்பிட்டு வரவழைத்தபின் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டல், நகம் வெட்டல், உண்ணி பொறுக்கல், காதில் மருந்து, கட்டிப்போடல், "ஏண்டா லேட்டு" என்று ஒரு அடி. வந்ததற்கு அடி வாங்கிய நாய், லேட்டாக வந்ததற்காக அடித்தார்கள் என்று புரிந்துகொள்ளாது. வந்ததால் அடி விழுந்தது என்றுதான் அதன் கணக்கு.

கெட்ட சொல்லைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக ஒன்றை எடுப்பது சுலபம். "ஓடிவா", ஒரு விசில், அதற்கென்று ஒரு தனிப் பெயர், எதுவானாலும் சரி. ஹாலில் இரண்டடி தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். இந்தச் சொல்லுக்கு மட்டும் முதல் ஒரு மாதம் ஒவ்வொரு முறையும் கோழித் துண்டு, அதுவும் ஒன்றல்ல, நாலைந்து. குளிப்பாட்ட வேண்டுமா? கூப்பிடாதீர்கள், நீங்களே எழுந்து போய்ப் பிடித்து வாருங்கள். வராது என்று தெரிந்த இடத்தில் அந்தச் சொல்லைச் செலவழிக்கவும் வேண்டாம்.

திரும்பிக்கூடப் பார்க்காது

எதையாவது துரத்திக்கொண்டிருக்கும்போது மட்டும் இப்படியா, எப்போதுமே இப்படியா?

துரத்தும்போது மட்டும் என்றால் ரகத்தைப் பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை. ஒரு சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலைக் கண்ட நொடியில் அதன் காது பின்னால் மடங்கி உடம்பு நீண்டுவிடும். அதன் பிறகு உங்கள் குரல் வரப்பைத் தாண்டாது. என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வேலியில்லாத வெளியில், ரோடு பக்கத்தில், இந்த ரகங்களை வெறும் குரலை நம்பி அவிழ்த்துவிடாதீர்கள். எத்தனை பயிற்சி கொடுத்திருந்தாலும் சரி. முப்பதடி நூல் கயிறு ஒன்றை வாங்கி, கழுத்தில் இல்லாமல், நெஞ்சைச் சுற்றிப் போடும் பாடி பெல்ட்டில் மாட்டுங்கள். கழுத்தில் மாட்டினால், ஓடிய வேகத்தில் கயிறு இழுபடும்போது கழுத்தெலும்புக்கே ஆபத்து. உங்கள் கையையும் கயிறு அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கயிற்றோடு மாதக்கணக்கில் கூப்பிட்டுப் பழகலாம். ஆடு, கோழி பார்த்த நாய் உங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு விருந்தே வையுங்கள்.

கைநழுவி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். அதைவிட வேகமாக உங்களால் ஓட முடியாது, துரத்தினால் அது விளையாட்டு என்று நினைக்கும். பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள், இல்லை உட்கார்ந்து மண்ணைக் கிளறுங்கள். பல நாய்கள் என்னவென்று பார்க்க வரும்.

எப்போதுமே திரும்பிப் பார்க்காது என்றால் காதைச் சோதியுங்கள். நாய் தூங்கும்போது, அதன் பார்வையிலும் காற்று வாக்கிலும் படாத இடத்தில் நின்று, தரை அதிராமல் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல்கூட அசையவில்லை என்றால் சந்தேகம்தான். வெள்ளை ராஜபாளையத்திலும் டால்மேஷியனிலும் பிறவிச் செவிடு உண்டு, குட்டி வாங்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். பிறவிச் செவிடு இல்லாவிட்டால் காதில் சீழ், நாற்றம், ஓயாமல் தலையை உதறுவது இருக்கிறதா என்று பாருங்கள். தொங்கு காது நாய்களுக்கு மழைக்காலத்தில் இது சகஜம். மருந்து போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். காது கேட்காத நாயும் கை சைகையில் எல்லாம் கற்கும். கயிறில்லாமல் வெளியே விட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடுவன் நாய் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கேட்டைத் தாண்டி ஓடி, இரண்டு நாள் கழித்து வருகிறது என்றால் அக்கம்பக்கத்தில் பெட்டை பருவத்தில் இருக்கிறது. கருத்தடை அறுவை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். கட்டளையால் அதை நிறுத்த முடியாது.

"ஸ்டே" சொன்னால் இரண்டு நொடி

எப்போது எழுந்திருக்கலாம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதனால் அதுவே முடிவு செய்கிறது. விடுவிக்கும் சொல் ஒன்று வேண்டும், "போ" என்றோ "ஓகே" என்றோ. ஒரு நொடி இருந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எழுப்ப வேண்டும்.

அடுத்த காரணம் அவசரம். நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். முதலில் பக்கத்திலேயே நின்று மூன்று, ஐந்து, பத்து நொடி. அரை நிமிடம் உறுதியானபின் ஒரடி பின்னால், ஆனால் நேரம் மறுபடி மூன்று நொடி. தீனியை நாய் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து கொடுங்கள். தூரத்திலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தால், எழுந்து ஓடுவதற்குத்தான் கூலி என்று ஆகிவிடும்.

நீங்கள் கண் மறைந்ததும் ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, சிறுநீர் கழித்துவிட்டால் அது "ஸ்டே" கோளாறு இல்லை. தனிமையைத் தாங்க முடியாத பதற்றம். இதைக் கட்டளையால் அடக்கப் பார்க்காமல் டாக்டரையோ ட்ரெயினரையோ கூப்பிடுங்கள்.

கவ்வியதை விடாது

செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, வீடே பின்னால் ஓடுகிறது. அதற்கு அன்றைய நாளின் சிறந்த பத்து நிமிடம் அதுதான். யாரும் ஓடாதீர்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து கோழித் துண்டை எடுங்கள், வாய் தானாகத் திறக்கும். திறக்கும் நொடியில் "விடு" என்ற சொல், தீனி, பிறகு முடிந்தால் அந்தப் பொருளையே திருப்பிக் கொடுங்கள். விட்டால் எப்போதும் பறிபோகாது என்று தெரிந்த நாய்தான் நம்பி விடும். இதைப் பொம்மையில் பழக்குங்கள், செருப்பில் இல்லை.

அருகில் போனதும் தின்பதை வேகமாக்குவது, உடம்பு விறைப்பது, தலையைத் திருப்பாமல் கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, அடிக்குரலில் உறுமுவது என்றால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள். வாய்க்குள் கை விடாதீர்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். இது ட்ரெயினருக்கான கேஸ். கவ்வியது மாத்திரை அட்டை, எலி மருந்து, ஊசி நூல் என்றால் பயிற்சிப் பேச்சே வேண்டாம், மீதியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

நடக்கும்போது இழுக்கும்

இழுத்தால் முன்னே போக முடிகிறது, அதனால் இழுக்கிறது. கயிறு விறைத்ததும் நில்லுங்கள். தளர்ந்ததும் நடங்கள். முதல் சில நாள் தெருமுனைகூடப் போய்ச் சேர மாட்டீர்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கனத்த இரும்புச் செயினை விட்டுவிட்டு ஆறடி நாடா வாங்குங்கள். நெஞ்சுப்பக்கம் வளையமுள்ள பாடி பெல்ட் என்றால் இழுக்கும்போது நாய் பக்கவாட்டில் திரும்பும், பாதி வேலை மிச்சம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு அதை மாட்டவே கூடாது, மூச்சு ஏற்கெனவே திணறல்தான். உங்களைக் கீழே தள்ளிவிடும் பலமுள்ள நாயாக இருந்தால், அல்லது வீட்டில் நடத்திச் செல்பவர் வயதானவராக இருந்தால், விழுந்து எலும்பு முறியும்வரை காத்திருக்காமல் ட்ரெயினரை முதலிலேயே கூப்பிடுங்கள்.

ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்கும்

பழக்கியவர் அவர் ஒருத்தர்தான், வேறொன்றுமில்லை. மற்றவர்கள் தினமும் ஒருவேளைச் சாப்பாட்டை "சிட்" சொல்லி வைக்கட்டும். ஒரு மாதத்தில் மாறும்.

நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது கேட்கவில்லை

வயதிலிருந்து தொடங்குங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் என்றால் பருவம். அது இத்தனை நாள் கற்றதை மறந்துவிடவில்லை, உலகம் உங்களைவிடச் சுவாரசியமாகிவிட்டது. இரண்டு படி பின்னுக்குப் போய், சுலபமான இடத்தில், நல்ல தீனியோடு பழையபடி நடத்துங்கள். அடித்து வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பது இந்த வயதில்தான், அதன் விலை பின்னால் தெரியும்.

எட்டு ஒன்பது வயதுக்கு மேல் என்றால் காதும் கண்ணும் மங்கலாம், மூட்டு வலிக்கலாம். பழைய கட்டளைக்குக் கை சைகையைச் சேர்த்துக்கொடுங்கள், டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

எந்த வயதிலும், சில நாளில் சட்டென்று மாறியது என்றால் உடம்பைப் பாருங்கள். நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா? சோர்ந்து கிடக்கிறதா, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்கிறதா, ஈறு வெளிறியிருக்கிறதா? மூக்கில் ரத்தம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சீக்கிரம் பிடித்தால் மருந்தில் கேட்கும்.

தீபாவளியை ஒட்டி ஆரம்பித்தது என்றால் வெடிச் சத்தம். கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்க்கு யார் கட்டளை சொல்லியும் பயனில்லை. அடுத்த வருடம் சத்தம் வராத உள் அறை, ஃபேன், டிவி என்று ஏற்பாடு செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

எச்சில் வழிகிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை, குரல் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் பாய்கிறது அல்லது வழக்கத்துக்கு மாறாக மூலையில் ஒடுங்குகிறது என்றால் வெறிநோயைச் சந்தேகியுங்கள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடுவதுதான் ஆபத்து. ஒரு அறையில் அடைத்துவிட்டு அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

கட்டளை சொன்னால் உறுமுகிறது, கடித்தது

இதற்கு வீட்டு வைத்தியம் எழுதமாட்டேன். பயிற்சியை நிறுத்துங்கள். உறுமியதற்கு அடிக்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் அடுத்தமுறை எச்சரிக்காமல் கடிக்கும்.

தோல் கிழிந்திருந்தால், சொந்த நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி பற்றிக் கேளுங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள். அதன் வெறிநோய்த் தடுப்பூசி வருடாவருடம் போடப்பட்டதா என்ற சீட்டையும் தேடி எடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது

முதலில் கால்நடை டாக்டர், பிறகுதான் ட்ரெயினர். வலியையும் காய்ச்சலையும் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. உள்ளூரில் எக்ஸ்ரே வசதி இல்லை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய மருத்துவமனைகள் இருக்கின்றன.

ட்ரெயினரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாய் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள்? "கரண்ட் பட்டை", "தொங்கவிட்டா சரியாயிடும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லித்தருவீர்களா? ஒரு மாதம் தன் இடத்தில் வைத்துப் பழக்கித் தருகிறேன் என்பவரிடம் விட்டால், திரும்பி வந்த நாய் அவர் பேச்சை அழகாகக் கேட்கும், உங்கள் பேச்சைக் கேட்காது. மூன்றாவது, வேறொரு நாயை நீங்கள் பழக்குவதை ஒருநாள் வந்து பார்க்கலாமா? போய்ப் பார்த்தால் அவர் கையை விட அந்த நாயின் வாலைப் பாருங்கள். பார்க்கவே விடாதவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.